பரணில் இருப்பது ஒப்போசமா?

இல்லை, மரநாய். ஒப்போசம் (opossum) அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் பைப் பாலூட்டி. அதன் வாலில் பெரும்பாலும் முடி இருக்காது. கடலூர் ஓட்டு வீட்டில் நீங்கள் பார்த்த அடர்முடிக் கருவால் மரநாயுடையதே. எச்சத்தைப் பாருங்கள்: சப்போட்டா விதைகள் முழுசாகக் கிடக்கும்.

அது வெளியே போனதும் ஓட்டையை அடைக்கலாமா என்றீர்கள். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஒப்போசம் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும். மரநாய்க்குப் பை இல்லை, பரணிலேயே விட்டுவிட்டுத்தான் இரை தேடும். அடைத்தால் குட்டிகள் பட்டினியில் சாகும், தாய் கூரை ஓடுகளைப் பிரிக்கும். கேட்கவே பாவமாக இருக்கிறது.

பகலில் கீச்சுக்குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். குரல் நின்றபின், அந்தியில் ஓட்டையருகே சாம்பல் தூவுங்கள். சில நாள் தடமே விழாவிட்டால் கம்பிவலை அடியுங்கள்.

கூண்டு வைக்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அவசரமென்றால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.