கால் எரிவுக்குத் தம்பிலி கொடுக்கலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 62 வயது. கொழுந்து பறித்துப் பென்ஷன் எடுத்தவர். பல வருடமாகச் சீனி வருத்தம். சீனிக்கு மெட்போமினும் பிரஷருக்கு லொசாட்டனும் குடிக்கிறார். இப்போது இரண்டு பாதமும் எரிகிறது என்கிறார். காலையில் பீலித் தண்ணீர் பட்டால் நெருப்பு பட்டதுபோலத் துடிக்கிறார். நரம்பில் பொற்றாசியக் கால்வாய் குறைந்தால் இப்படி வரும் என்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தம்பி வாசித்துவிட்டுச் சொன்னான். அதனால் தினமும் தம்பிலியும் வாழைப்பழமும் கொடுக்கிறோம். சரிதானா?"

தம்பி வாசித்தது சரி. அதை வைத்து, பொற்றாசியம் நிறைந்த தம்பிலியும் (செவ்விளநீர்) வாழைப்பழமும் தினமும் கொடுப்பதுதான் பிழை. அம்மாவின் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை அவற்றை நிறுத்தி வையுங்கள். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கால் பெருவிரலின் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புக் கலத்தின் உடல் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல்வரை ஒரே இழை, கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். சீனி கூடிக் கூடி நரம்பைக் கெடுக்கும்போது இந்த நீளமான இழைகளின் நுனிதான் முதலில் அடிபடும். இரண்டு பாதத்திலும் ஒரேபோல எரிவு தொடங்குவது அதனால்தான்.

அந்த இழைக்குள்ளே பொற்றாசியம் லீற்றருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல் இருக்கும். வெளியே, இரத்தத்தில், 3.5 முதல் 5 வரைதான். இழையின் சவ்வில் பொற்றாசியம் போய்வரும் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன, அவைதான் பொற்றாசியக் கால்வாய்கள். அவை திறந்தால் பொற்றாசியம் வெளியே போகும். நேரேற்றம் போய்விடுவதால் உட்பக்கம் மறையேற்றமாகும். சும்மா இருக்கும் நரம்பின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 60, 70 மில்லிவோல்ற் கீழே நிற்பதற்கு முக்கிய காரணம் இந்தக் கசிவு. கொழுந்து லொறி இறக்கத்தில் ஓடிவிடாமல் பிடித்திருக்கும் பிரேக்கைப் போல, பொற்றாசியக் கால்வாய்கள் நரம்பைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இனி அம்மாவின் கால் பீலியில் நனைகிற நேரத்துக்கு வருவோம். தோல் குளிர்ந்ததும் நுனியிலுள்ள டிஆர்பிஎம்8 என்ற கால்வாய் திறக்கிறது. சோடியமும் கல்சியமும் உள்ளே வருகின்றன, மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. அந்தச் சிறிய ஏற்றத்துக்கே கேவி1 என்ற பொற்றாசியக் கால்வாய்கள் திறந்து, பொற்றாசியத்தை வெளியே விட்டு, ஏறியதைக் கீழே இழுத்துவிடும். குளிர் நன்றாகக் கூடினால்தான் இந்த இழுவையை மீறி ஒரு துடிப்பு, அதாவது மூளைக்குப் போகும் மின்செய்தி, கிளம்பும். ஸ்பெயினின் அலிகாந்தே நகர ஆய்வாளர்கள் 2002இல் சுண்டெலியின் உணர்நரம்புக் கலங்களை வைத்து இதை அழகாகக் காட்டினார்கள். 4-அமினோபிரிடீன் என்ற பொருளைக் கொடுத்து இந்தக் கால்வாய்களை அடைத்தபோது, அதுவரை குளிருக்கு அசையாமல் இருந்த கலங்களில் ஒரு பகுதி குளிருக்குத் துடிக்கத் தொடங்கியது. தண்ணீர் அதே தண்ணீர்தான், தடுப்பு மட்டும் போய்விட்டது. அம்மா துடிப்பது பாசாங்கோ பயமோ இல்லை என்பதை வீட்டில் எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கேவி7 என்று இன்னொரு வகை இருக்கிறது. மெதுவாகத் திறக்கும், திறந்தால் லேசில் மூடாது. ஒரு துடிப்புக்குப் பின்னால் அடுத்தடுத்துத் துடிப்புகள் வரிசையாக வராமல் அடக்குவது இதுதான். இது தளர்ந்தால் ஒன்றும் படாமலேயே நரம்பு தானாகத் துடிக்கும், மூளை அதை எரிவு என்றும் குத்து என்றும் வாசிக்கும். நீரிழிவு உண்டாக்கிய எலிகளின் உணர்நரம்புகளில் பொற்றாசிய மின்னோட்டம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

அப்படியானால் பொற்றாசியத்தைக் கூட்டினால் என்ன? குறைந்திருப்பது கால்வாய்கள், உள்ளே பொற்றாசியம் தாராளமாக இருக்கிறது. இரத்தத்தில் பொற்றாசியம் ஏறினால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும், வெளியே போகும் வேகம் குறையும். கணக்குப் போட்டால், வெளியே 4 இருக்கும்போது பொற்றாசியம் நரம்பை இழுத்துச் செல்லப் பார்க்கும் அளவு சுமார் –95 மில்லிவோல்ற். அதுவே 6 ஆனால் –84. பிடி இன்னும் தளர்கிறது. சாதாரணமாகச் சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். நீண்ட நாள் சீனியில் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம், லொசாட்டனும் பொற்றாசியத்தை உடலில் தங்க வைக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் ஒருவருக்குத் தினமும் தம்பிலி என்றால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஏறிய பொற்றாசியம் இதயத்தின் துடிப்பைக் குழப்பும், சில வேளை எந்த முன்னறிகுறியும் இல்லாமல். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பைக்கற்றுகளிலும் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்தான், அதையும் பாருங்கள்.

கால்வாயைத் திறக்கும் மருந்து இல்லையா என்று தம்பி கேட்பான். ரெட்டிகாபின் கேவி7ஐத் திறக்கும் மருந்து. 2011இல் வலிப்புக்காக அங்கீகாரம் கிடைத்தது, தோலும் விழித்திரையும் நிறம் மாறும் பிரச்சினை வந்தது, 2017இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு வைத்தியர்கள் கால் எரிவுக்குக் கொடுக்கும் அமிற்றிப்டிலின், பிரிகபலின் போன்றவை வேறு வழியில் நரம்பைத் தணிக்கின்றன. அவை பலருக்கு ஓரளவு உதவும்.

அடுத்த கிளினிக் நாளில் கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொற்றாசியம், எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள். விற்றமின் பி12 அளவையும் மறக்காமல் கேளுங்கள். மெட்போமின் பல வருடம் குடிப்பவர்களுக்கு அது குறையலாம், குறைந்தாலும் கால் இப்படித்தான் எரியும், ஆனால் அதைச் சரிசெய்ய முடியும். காலைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் பார்த்துச் சொல்லுங்கள், அம்மாவின் காலை நம்ப வேண்டாம். குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டி உட்காருவது நம் லயங்களில் எல்லாரும் செய்வதுதான், அம்மாவுக்கு மட்டும் வேண்டாம். எரிகிற பாதம் சில இடங்களில் மரத்தும் இருக்கும், சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும். இரவில் விரலிடுக்கில் அட்டை கடித்த காயமோ வெடிப்போ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஆறாத புண், கறுத்த விரல், ஒரு காலில் மட்டும் வீக்கமோ பலவீனமோ கண்டால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

எரிவுக்கு மாத்திரை தொடங்கினால் முதல் வாரங்களில் தூக்கமும் தலைச்சுற்றும் வரலாம். லயத்துக்கு வெளியே கக்கூசுக்குப் போக இராத்திரி எழும்பும்போது யாராவது கூடப் போங்கள்.