வியாழக்கிழமை விடுமுறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

அலுவலக மாற்றலில் கொல்கத்தா வந்து பதினொரு மாதம் ஆகிறது. போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சடர் ஸ்ட்ரீட் டீக்கடை ஒன்றில் ஐந்தாறு வெள்ளைக்கார இளைஞர்கள் அரட்டையடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்னை தெரசா இல்லங்களில் வாலன்டியராக வேலை செய்ய வந்தவர்கள் என்றார் கடைக்காரர். துணி துவைப்பார்களாம், சோறு ஊட்டுவார்களாம். எனக்குக் கோபம்தான் வந்தது. விமான டிக்கெட் பணத்தை அனுப்பியிருந்தால் உள்ளூர்ப் பெண் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் ஆகியிருக்குமே? இது தொண்டா, சுற்றுலாவா? கூட வேலை பார்க்கும் தோழி ஞாயிறுகளில் காளிகாட் இல்லத்துக்குப் போகிறாள். என்னையும் கூப்பிடுகிறாள். தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒன்று. வியாழக்கிழமை வாலன்டியர்களுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பத்து மணிக்கு அவர்கள் கை ஈரமாக இருக்கும்.

2003 முதல் மூன்று வருடம் நாங்கள் லேக் மார்க்கெட்டில் குடியிருந்தோம். காபித் தூளும் கறிவேப்பிலையும் தேடி அலைய வேண்டாத தமிழ்ப் பேட்டை அது. அங்கிருந்து காளிகாட் நடக்கிற தூரம்தான். காளி கோயிலை ஒட்டியிருந்த யாத்ரிகர் விடுதியை 1952இல் மாநகராட்சி அன்னை தெரசாவிடம் ஒப்படைத்தது. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான நிர்மல் ஹிருதய் இல்லம் அப்படி வந்தது. வாரத்தில் இரண்டு நாள் அங்கே பெண்கள் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஸ்பெயின்காரப் பெண்மணி ஒருவர் அங்கேதான் பழக்கமானார். ஐம்பது வயதிருக்கும். தன் ஊரில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வந்திருந்தார். சடர் ஸ்ட்ரீட் லாட்ஜில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு பக்கெட். விடியும் முன்பே கிளம்பி ஏ.ஜே.சி. போஸ் ரோட்டில் இருக்கும் மதர் ஹவுஸுக்கு, அதாவது அன்னை தெரசா சபையின் தலைமை இல்லத்துக்கு, நடப்பார். ஆறு மணிக்குக் கத்தோலிக்கப் பூசை, அப்புறம் ரொட்டி, வாழைப்பழம், டீ. அதை முடித்துக்கொண்டு ஆளுக்கொரு இல்லத்துக்குப் பேருந்து பிடிப்பார்கள். கண்டக்டர் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுகிற தட்டில் எத்தனை தட்டினால் நிற்கும், எத்தனை தட்டினால் கிளம்பும் என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

இல்லத்தில் முதல் வேலை துணி. நான் போன நாட்களில் எல்லாம் கையால்தான். சிமெண்டுத் தொட்டிகளில் அலசி அலசி, கம்பளிகளை இரண்டு பேர் சேர்ந்து பிழிய வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிரே நிற்கும் இருவரும் அவரவர் வலப்பக்கமே முறுக்க வேண்டும். நாங்களோ அவர் வலப்பக்கமும் நான் இடப்பக்கமுமாகத் தப்பாகவே முறுக்கிக்கொண்டிருந்தோம், கம்பளியில் தண்ணீர் அப்படியே நின்றது. அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களை எல்லோரும் மாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாஷி வந்து பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போனார். கம்பளி கயிறு மாதிரி இறுகியது.

இன்னொரு நாள் அந்த நர்ஸ் ஒரு பாட்டிக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். பாட்டி வாயைத் திறக்கவே இல்லை. அதே மாஷி தட்டை வாங்கி, சோற்றையும் பருப்பையும் கையால் பிசைந்து சின்ன உருண்டையாக நீட்டினார். வாய் திறந்தது. மறுநாளிலிருந்து நர்ஸும் கையால்தான் ஊட்டினார். மணிக்கட்டில் பேனாவால் மூன்று சொற்கள் எழுதி வைத்திருப்பார்: ஜொல், ஆஸ்தே, ப்யதா. தண்ணீர், மெதுவாக, வலி. அந்த இடத்துக்கு அவைதான் முதலில் வேண்டும்.

உங்கள் பணக் கணக்கைத் தவறென்று சொல்ல மாட்டேன். மூன்று நாள் வந்து போகிறவர்களைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. குழந்தைகள் இல்லத்துக்குப் போகிற குறுகிய கால வாலன்டியர்கள் விஷயத்தில் உங்களைவிடக் கடுமையாகவே சொல்வேன். பத்து நாள் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டால், அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று அந்தக் குழந்தை எத்தனை பேரை இழக்கும்? அன்பு மட்டும் போதாது என்பதும் உண்மை. லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் இந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு, வலி தணிக்கும் மருந்துகள் போதவில்லை என்று 1994இலேயே எழுதினார். அந்த நர்ஸிடம் அதைச் சொன்னபோது மறுக்கவில்லை. தலையசைத்துவிட்டு, படுக்கைப்புண் வரத் தொடங்கியிருந்த ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்கப் போனார். எனக்கு அந்தப் புண் கண்ணிலேயே பட்டிருக்கவில்லை.

ஆனால் ஆறு மாதம் தங்குகிறவரின் வாழ்க்கையில் சுற்றுலா சீக்கிரமே வடிந்துவிடும். மே மாத வெயில், மின்தடை, காலையெல்லாம் ஊர்த் துணி துவைத்துவிட்டு அறைக்கு வந்து தன் துணி துவைப்பது. ஒரு வாரம் அந்த நர்ஸ் வயிறு கெட்டுப் படுக்கையில் விழுந்தார். லாட்ஜ் காவலாளிதான் தினமும் இளநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தேறி வேலைக்கு வந்த அன்று மாஷி அவரைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "கேயேச்சோ?" சாப்பிட்டாயா என்று அர்த்தம். யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் அம்மா போனில் முதலில் கேட்பதும் அதுதானே.

கடைசி நாளன்று மதர் ஹவுஸில் மற்ற வாலன்டியர்கள் சேர்ந்து பாட்டுப் பாடி வழியனுப்புவார்கள். அவருக்கும் பாடினார்கள். அடுத்த முறை நான் காளிகாட் போனபோது அந்தப் பாட்டி வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தார். நான் ஊட்டினால் இரண்டு வாய்தான் வாங்கினார். நாலைந்து முறை போன பிறகுதான் முழுத் தட்டும் காலியானது.

அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். விசா தீர்ந்து கிளம்ப வேண்டிய நிலை உங்களுக்கு இல்லை. ஊர் பழகிவிட்டது, வங்காளமும் கொஞ்சம் வந்திருக்கும். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அங்கே இருப்பீர்கள். மாற்றுடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், முழங்கால் வரை நனையும். போனை வெளியே எடுக்காதீர்கள், உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்றால், இருப்பதிலேயே வயதான மாஷியிடம் போய் "கீ கோர்போ?" என்று கேளுங்கள். என்ன செய்யட்டும் என்று அர்த்தம். அவர் கையைப் பிடித்துக் காட்டுவார்.