ஏஐ தேடுபொறிகள் மீது பத்திரிகைகளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஏஐ தேடுபொறி என்பது வெறும் இணைப்புகளை அடுக்காமல், பல தளங்களில் இருப்பதைச் சுருக்கிப் பதிலையே எழுதித் தரும் கருவி. பெர்ப்ளெக்சிட்டி அப்படிப்பட்டது. கூகுளும் 2024 மே மாதம் அமெரிக்காவில் தேடல் பக்கத்தின் உச்சியில் இத்தகைய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது.

சிக்கலின் வேர் வருமானம். முன்பு தேடுபொறி வாசகரைச் செய்தித் தளத்துக்கு அனுப்பி வைத்தது. அவர் வந்தால் விளம்பரக் காசோ சந்தாவோ கிடைக்கும். இப்போது பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் பலர் உள்ளே வருவதே இல்லை. டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கேட்டுவிட்டுப் போவது மாதிரி. அங்கேயாவது கடைக்காரர் பேப்பரைக் காசு கொடுத்து வாங்கியிருப்பார். இங்கே நிருபர் அலைந்து திரிந்த செலவு முழுக்கப் பத்திரிகையின் தலையில். என்னைக் கேட்டால், இது நியாயமே இல்லை.

2024 அக்டோபரில், வால் ஸ்ட்ரீட் ஜர்னலை வெளியிடும் டவ் ஜோன்ஸும் நியூயார்க் போஸ்டும் பெர்ப்ளெக்சிட்டி மீது வழக்குப் போட்டன.

"பிடிக்கவில்லை என்றால் தடுத்துவிடலாமே?" என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கூகுளின் தேடல் ரோபோவை, அதாவது தளங்களைப் படித்துச் சேகரிக்கும் மென்பொருளை, அடியோடு தடுத்தால், வழக்கமான தேடலிலும் அந்தப் பத்திரிகையின் செய்திகள் சரியாக வராது.