சி.டி. படத்திலிருந்து செய்த மண்டையோட்டு முப்பரிமாண மாடலில் படிகளும் ஓட்டைகளும் தெரிவது ஏன்? அதை நம்பி அளவெடுக்கலாமா?

முதலில் ஸ்லைஸின் (சி.டி. தரும் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படம்) தடிமனைப் பாருங்கள். 250 மி.மீ. அகலத்தை 512 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சல் 0.49 மி.மீ. ஸ்லைஸ் மட்டும் 5 மி.மீ. என்றால், உச்சந்தலை போன்ற சரிவான பரப்பு படிக்கட்டாகத்தான் வரும். 0.6 மி.மீ. அளவில், ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி மறுகட்டமைத்த தொடரைக் கேளுங்கள். மூலத் தரவு (படமாக்கும் முன் இயந்திரம் பதிந்த அளவீடுகள்) இருந்தால் மறுபடி ஸ்கேன் வேண்டாம். ஆனால் பல இயந்திரங்களில் அது சில நாட்களில் அழிந்துவிடும், தாமதிக்காதீர்கள்.

ஓட்டைக்குக் காரணம் வேறு. கண்குழியின் அடித்தளம் போன்ற இடங்களில் எலும்பு ஒரு வாக்சலைவிட (முப்பரிமாணப் பிக்சல்) மெலிது. அதே வாக்சலுக்குள் காற்றும் கொழுப்பும் சேர்ந்து சராசரியாகிவிடுவதால், எலும்பின் மதிப்பு த்ரெஷோல்டுக்கு (எலும்பு என்று எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச மதிப்பு) கீழே இறங்கிவிடுகிறது. எலும்புக்குப் பலரும் வைக்கும் 226 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) த்ரெஷோல்டில் அந்த இடம் காணாமல் போகும். அங்கே எலும்பு முறிவு என்று முடிவு செய்வது ஆபத்து.

த்ரெஷோல்டைக் குறைத்தால் ஓட்டை அடைபடும், ஆனால் தடித்த எலும்பு வீங்கும். 1200 மதிப்புள்ள எலும்பை 50 மதிப்புள்ள தசை ஒட்டியிருந்தால், உண்மையான விளிம்பு நடுவில், 625 அருகே இருக்கிறது. 226-இல் வெட்டினால் எல்லை வெளியே தள்ளிப்போகும். ஒரே எண் இரண்டு இடத்துக்கும் பொருந்தாது. மெலிந்த பகுதியைத் தனியே, ஸ்லைஸ் ஸ்லைஸாகக் கையால் திருத்துவதுதான் சரியான வழி.

கெர்னலும், அதாவது மறுகட்டமைக்கும்போது படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் வடிகட்டியும், முக்கியம். கூர்மையான எலும்புக் கெர்னல் கண்ணுக்குத் தெளிவு; ஆனால் இரைச்சலைக் கூட்டும், விளிம்பு மதிப்பை மிகையாக்கும். மாடலுக்கு மிதமான கெர்னலே நல்லது.

பல்லில் உலோகம் இருந்தால் வெள்ளைக் கீற்றுகளும் கருப்புப் பட்டைகளும் வரும்: குறைந்த ஆற்றல் கதிர்கள் முதலில் உறிஞ்சப்படுகின்றன, உணரிக்குப் போதிய கதிர் சேர்வதில்லை. உலோகத் திருத்த வசதி உதவும். என்றாலும் உலோகத்தை ஒட்டிய எலும்பை அதுவே அழித்துவிடக்கூடும் என்பதால் திருத்தாத தொடரையும் சேர்த்து வாங்குங்கள்.

கடைசியில் மாடலின் பரப்பை வழவழப்பாக மெருகேற்றுவது. ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை நோக்கி நகர்த்தும் சாதாரண லாப்லாசியன் முறை ஒவ்வொரு சுற்றிலும் மாடலைச் சுருக்கும். டாபின் முறையில் சுருக்கம் குறைவு. வழவழப்பான மாடல் துல்லியமான மாடல் அல்ல. அளவெடுக்கும் முன், மாடலின் எல்லைக்கோட்டை மூல ஸ்லைஸ்கள்மேல் மூன்று தளங்களிலும் பொருத்திப் பாருங்கள். கோடு விலகும் இடத்தில் மாடலை விட்டுவிட்டு ஸ்லைஸிலேயே அளவெடுங்கள்.