கேள்வி–பதில்: சேர்வரில் எல்லாம் வேண்டுமா?

கேள்வி: எங்கள் ரியூசன் நிலையத்தில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய கொம்பியூட்டர் ஒன்றில், வினாத்தாள்களைப் பகிர டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) சேர்வர் போடப்போகிறேன். சகல வசதிகளோடும் போடவா, குறைவாகப் போடவா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: குறைவாகவே போடுங்கள் தம்பி. நிறுவும்போது வரும் தெரிவுப் பட்டியலில் டெஸ்க்டொப்பும் க்னோம் என்ற திரை இடைமுகமும் முன்கூட்டியே சரி போட்டபடி இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு, தூரத்திலிருந்து சேர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்எச் சேர்வருக்குச் சரி போடுங்கள், வழமையான கருவிகளை அப்படியே வைத்திருங்கள். அப்புறம் கோப்புகளைப் பகிரும் சம்பா மென்பொருளை ஏற்றினால் போதும். அரசடியில் என் மேசைக்கு வரும் பழைய மெஷின்களுக்கு நான் செய்வதும் இதுதான். மிஞ்சும் ரேமை லினக்ஸ் சும்மா விடாது. அடிக்கடி திறக்கும் கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் எல்லோரும் ஒரே வினாத்தாளைத் திறக்கும்போது வித்தியாசம் தெரியும்.

டெபியனில் பெரும்பாலான சேவைகள் நிறுவியவுடனேயே ஓடத் தொடங்கிவிடும். தேவையில்லாமல் ஓடும் ஒவ்வொன்றும் வெளியாருக்குத் திறந்த கதவாகலாம். மைக்ரோசொப்ட்கூட 2008இல் தன் விண்டோஸ் சேர்வருக்கு சேர்வர் கோர் என்ற மெலிந்த வடிவத்தைக் கொண்டுவந்தது.

அதற்காகப் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக ஏற்றும் வசதியை விட்டுவிடாதீர்கள். யூபிஎஸ் இருந்தால் நட் மென்பொருளையும் போடுங்கள். கரண்ட் நின்று பற்றரி இறங்கும்போது சேர்வரை ஒழுங்காக நிறுத்திவிடும்.