கிரைண்டருக்கு வெள்ளைக் கண்ணாடி, வெல்டிங்குக்கு 10 நம்பர்

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. திருமங்கலம் பக்கம் சொந்தமாக கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வயலில் புல் வெட்டும் மெஷினும் ஓட்டுவேன். கறுப்பு கூலிங் கிளாஸ் ஒன்றைத்தான் எல்லா வேலைக்கும் போடுகிறேன். அப்படியும் இந்த வருஷம் இரண்டு தடவை கண்ணில் இரும்புத் தூசி விழுந்துவிட்டது. எந்த வேலைக்கு எந்தக் கலர் கண்ணாடி நல்லது? ராத்திரி வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடி வாங்கலாமா? உதவிக்கு நிற்கும் பையனுக்கு இரவில் கண் எரிந்தால் தாய்ப்பால் விடுகிறோம், அது சரியா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த இரண்டு தடவையும் தூசி விழுந்த நேரத்தில் கண்ணாடி உங்கள் கண்ணில் இருந்ததா, நெற்றியில் இருந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன மாதம் உங்களைப் போலவே பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். கருவிழியில், கறுப்பு வட்டத்தின் ஓரமாக, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு துகள், அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் துரு வளையம். இரும்பு விழுந்து ஒரு நாள் ஆனாலே அந்தத் துரு படிந்துவிடும், துகளை எடுத்தபிறகு துருவைத் தனியாகச் சுரண்ட வேண்டும். கருவிழியின் கனமே நடுவில் அரை மில்லிமீட்டர்தான், அதில் சுரண்டுகிறோம். "கண்ணாடி போடலையா?" என்றேன். "போட்டிருந்தேன் சார், சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெட்டுக்குள்ள ஒண்ணும் தெரியல, அதான் மேல தூக்கி விட்டுட்டேன்" என்றார். கறுப்புக் கண்ணாடி போட்டதாலேயே கண்ணாடி இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் கலரை அப்புறம் பார்ப்போம். தூசியைத் தடுப்பது கண்ணாடி செய்யப்பட்ட பொருளும் அதன் வடிவமும்தான். நான்கு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓடுகிறது, பொறி கிளம்புவது அங்கேயிருந்துதான். பிளாட்பாரத்தில் வாங்கும் கூலிங் கிளாஸ் அதைத் தாங்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்து விற்பதில்லை, உடைந்தால் அதன் சில்லே கண்ணுக்குள் போகும். பாலிகார்பனேட் என்ற, எளிதில் உடையாத பிளாஸ்டிக் லென்ஸ் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 5983. வெளிநாட்டுச் சரக்கு என்றால் இசட் 87 என்று பொறித்து, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கும், வேகமான அடியையும் தாங்கும் என்பதற்கான குறி அது. பக்கவாட்டில் மூடியிருக்க வேண்டும், புருவத்துக்கும் பிரேமுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் வேண்டாம். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. அதற்கு மேலே மாட்டுகிற பெரிய சைஸ் பாதுகாப்புக் கண்ணாடியே கிடைக்கிறது.

கிரைண்டிங்குக்கு வெள்ளைக் கண்ணாடி, அவ்வளவுதான். ஷெட்டுக்குள் வேறு எந்தக் கலரும் வேண்டாம். அதற்கு மேல் முகத்தை மூடும் ஷீல்டும் போட்டால் இன்னும் நல்லது, ஆனால் ஷீல்டை மட்டும் நம்பாதீர்கள், அதைத் தூக்கும்போது மேலே படிந்த தூசி நேராகக் கண்ணுக்குள் கொட்டும்.

வெல்டிங்தான் கறுப்பு நிஜமாகவே தேவைப்படும் வேலை. ஆனால் அந்தக் கறுப்புக்கு நம்பர் உண்டு. நீங்கள் கிரில்லுக்கு 12 நம்பர், 10 நம்பர் ராடுதானே ஓட்டுவீர்கள், 160 ஆம்பியருக்குள் வரும், அதற்கு 10 நம்பர் கண்ணாடி போதும், 8-க்குக் கீழே இறங்கவே கூடாது. கனமான வேலைக்கு ஆம்பியர் ஏற்றினால் கண்ணாடியும் 11, 12 என்று ஏற வேண்டும். இதில் ஒரு குழப்பம் வரும்: ராடு நம்பர் ஏற ஏற ராடு மெலிசு, கண்ணாடி நம்பர் ஏற ஏற இருட்டு. இரண்டையும் சேர்த்து நினைத்து 12 நம்பர் ராடுக்கு 12 நம்பர் கண்ணாடி வாங்கினவர்கள் இருக்கிறார்கள், பற்றவைக்கிற இடம் சரியாகத் தெரியாமல் ஷீல்டை விலக்கி விலக்கிப் பார்ப்பார்கள். கேஸ் கட்டிங்குக்கு 4 அல்லது 5 நம்பர் பச்சைக் கண்ணாடி போதும், அதை வைத்து ஆர்க் வெல்டிங் செய்யாதீர்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சும்மா ஒரு டாக், அதாவது ஒரு புள்ளி மட்டும் பற்றவைக்கிறதும் வேண்டாம்.

பற்றவைத்து முடித்ததும் ஷீல்டைத் தூக்கிவிட்டு, சுத்தியால் தட்டி, மேலே படிந்த கசடை, அதான் ஸ்லாக், எடுப்பீர்கள் இல்லையா, சூடான சில்லு தெறிப்பது அப்போதுதான். ஷீல்டுக்கு உள்ளேயே வெள்ளைக் கண்ணாடி போட்டிருங்கள். காலையில் மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு நிற்கும் பையன் விஷயம். அவன் வெல்டிங் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, தூங்கும் நேரத்தில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது மாதிரி எரியும், தண்ணீர் கொட்டும், லைட்டைப் பார்க்க முடியாது. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது. பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் தானாக ஆறும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம், தோல் உரிந்த கண்ணில் கிருமி ஏறினால் புண்ணாகிவிடும். துணியை ஈரமாக்கி மூடிய கண்மேல் வைத்துவிட்டு காலையில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் விடுகிறவர்களும் உண்டு. வலி போகும், புண் ஆறாது. பையனுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக் கொடுங்கள் தம்பி, அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

வயலுக்கு வருவோம். வெயிலில் கிரே கலர் நல்லது, நிறங்களை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். கறுப்பாக இருந்தாலே புற ஊதாவைத் தடுக்கும் என்று இல்லை. தடுக்காத கறுப்பு இன்னும் மோசம், இருட்டில் கண் பாப்பா விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போகும். பாலிகார்பனேட் என்றால் வெள்ளையே புற ஊதாவை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். புல் வெட்டும்போது தெறிக்கும் கல்லை விட எனக்குப் பயம், பயிர்த் தாள் கிழித்த காயமும் நெல் உமி பட்ட காயமும்தான். அதில் பூஞ்சைக் கிருமி ஏறி கருவிழியில் வெள்ளையாகப் புண் வரும், நம் பக்கத்துச் சம்சாரிகளிடம் நிறையப் பார்க்கிறோம். அப்படிக் கண் சிவந்தால் மெடிக்கலில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டால் இரண்டு நாள் சுகமாக இருக்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும்.

மஞ்சள் கண்ணாடி: பகலில் மூட்டமாக இருக்கும்போது எடுப்பாகத் தெரியும், வேண்டுமானால் போடலாம். ராத்திரி வேண்டாம். எதிர்வண்டி லைட்டோடு சேர்த்து ரோட்டோரம் நடக்கிற ஆளையும் மங்கலாக்கும். இரவில் வெள்ளைக் கண்ணாடி போடுங்கள், பூச்சிக்கும் அதுவே தடுப்பு. இரவில் கூச்சம் அதிகம் என்றால் ஒருமுறை பவர் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தூசி விழுந்தால் துணி முனையாலும் ஈர்க்குச்சியாலும் எடுக்கிற பழக்கத்தை விடுங்கள். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் நம் மதுரை, கண்ணுக்கு வைத்தியம் கிடைக்காத ஊரில் நாம் இல்லை. அதிலும் உளியைச் சுத்தியால் அடிக்கும்போது சுருக்கென்று குத்திப் பார்வை மங்கினால், வலி இல்லாவிட்டாலும், கண்ணை அழுத்தாமல் கசக்காமல் அன்றைக்கே வாருங்கள், துகள் கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். எந்த வேலையில் நடந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கூடாது.

உங்களுக்கு இரண்டு தடவை விழுந்திருக்கிறது. துரு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இந்த வாரத்துக்குள் ஒரு நாள் பட்டறையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். போகும்போது இப்போது போடும் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள்.