சும்மா ஒரு சீட்டு

கேள்வி: கனடாவிலிருந்து வந்த என் தங்கை, ஒன்பது வயது மகளுக்கு ஒரு டாரட் சீட்டுக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். மகள் அதை வைத்துச் சாத்திரம் சொல்லப் பழக ஆசைப்படுகிறாள். சும்மா விளையாட்டுத்தானே, பழக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: 'சும்மா' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. எங்கள் வீடும் வெள்ளவத்தையில்தான், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில். எனக்கு ஏழு வயது. கைரேகை பார்க்க வந்த ஒரு அம்மா, அம்மம்மாவுக்குப் பார்த்து முடித்துவிட்டு, சும்மா என் கையையும் பிடித்து விரித்தார். பெருவிரலால் உள்ளங்கையை ஒரு தரம் தேய்த்தார். "தம்பிக்குத் தண்ணியில கண்டம்" என்றார். காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு றெயில் பாதையோரக் கல்லில் இருந்து, மற்றப் பெடியன்கள் கடலில் குளிப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அறுபது வயதும் கடந்துவிட்டது, இன்றுவரை எனக்கு நீந்தத் தெரியாது.

பெரியவர்கள் சாத்திரம் கேட்டால் நல்லதை எடுத்துக்கொள்வார்கள், கெட்டதுக்கு ஒரு அர்ச்சனையைச் செய்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பிள்ளையோ, தனக்குச் சொன்னதை அப்படியே நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளும். நம் பழைய ஆட்கள் பிள்ளைக்குக் குறிப்பு எழுதுவித்தார்கள், ஆனால் அதை அலுமாரியில் பூட்டி வைத்தார்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கும்போது பொட்டலத்தை எடுக்கச் சின்னப் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். எடுத்துக் கொடுத்ததோடு பிள்ளை விளையாட ஓடிவிடும், சிவப்பா வெள்ளையா என்ற கவலை பெரியவர்களுடையது. இப்போதோ ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்கு முன், பிள்ளையையே சாத்திரியாருக்கு முன்னால் இருத்தி "பாஸ் பண்ணுவாளா?" என்று கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ தரம் இதை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

சரி, டாரட்டுக்கு வருவோம். அது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாடுவதற்கென்றே பிறந்த கட்டு. 78 சீட்டில் 22 தனிப் படச் சீட்டுகள், அவற்றில் 21 துரும்பு. பலன் சொல்லும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் பரவியது. சீட்டென்றாலே சூது என்று என்னோடு சண்டை பிடிக்கும் வாசகர்கள் கவனிக்கட்டும்: இந்தக் கட்டில் விளையாட்டுத்தான் மூத்தது.

ஆகவே மகளிடம் கட்டைக் கொடுங்கள். மூன்று சீட்டை எடுத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். 13ஆம் சீட்டான மரணம் வந்தால் ஒளிக்க வேண்டாம். 1909இல் வெளிவந்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டென்றால், அதில் ஒரு எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வரும், அரசன் கீழே விழுந்து கிடப்பான், ஒரு சின்னப் பிள்ளை முழந்தாளிட்டு அண்ணாந்து பார்க்கும். அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். ஆனால் "உனக்கு இப்படி நடக்கும்" என்று நீங்களும் அவளுக்குச் சொல்லக்கூடாது, அவளும் தோழிகளுக்குச் சொல்லக்கூடாது. இதில் நான் ஒரு அங்குலமும் இறங்கமாட்டேன்.

அப்புறம், அது அலுத்துப்போனால் சாதாரணக் கட்டில் 32 சீட்டைப் பிரித்தெடுத்து 304 என்ற சீட்டு விளையாட்டைப் பழக்குங்கள். அதில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. ராசாவை ஒன்பது எப்படி வெட்டும் என்று கட்டாயம் கேட்பாள். என் பேத்தி கேட்டாள். அன்றிரவு பதினொரு மணிவரை அவளை நித்திரைக்கு அனுப்ப முடியவில்லை.